உள்ளங்கால்

வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் நோயாளியின் காலை அதில் இறக்கவேண்டும், போதகர் ஐயா. நீரிழிவுக்காரருக்குச் சூடு தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தந்தது இது. நான் ஒருநாளும் தவறவில்லை. என் மாமனாருக்கு நான் செய்த பணிவிடையை நாளை அடக்க ஆராதனையில் எடுத்துப் பேசப்போவதாகச் சொன்னீர்கள். அப்படியானால் முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு, உங்கள் உபதேசியார் ஜெபசீலனுக்கு, இரண்டு வருஷமாகப் பெருவிரலுக்கு அடியில் புண். சர்க்கரைக்கு ஊசி இருக்கிறதாம், சீமையிலிருந்து வரவேண்டும். என் கணவர் கொழும்பில். ஆகவே காலையும் மாலையும் அந்தக் கால் என் மடியில்தான். துணியைப் பிரித்தால் விரலிடுக்கில் வெளுத்து ஊறிய தோலும் கூடவே உரிந்து வரும். அந்த நாற்றம், சீ, கையை விட்டுப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தாலும் சோறு நாறும். அவர் அதே நேரத்தில் கருப்பட்டிக் காப்பி கேட்பார்.

பிறகு நோவு நின்றது. சுகமாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நோவு தெரியாதது சொகமில்ல மக்கா, நரம்பு செத்துப்போச்சு. இனி முள்ளு குத்தினாலும் அவருக்குத் தெரியாது. தெனமும் உள்ளங்காலப் பாரு."

மாமாவிடம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஆஸ்பத்திரியில் தந்த செருப்பை வீட்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து வந்து சாட்சி சொன்னார். நீங்களும் கேட்டீர்கள்.

"எனக்க கால் நோவ கர்த்தரு எடுத்துப் போட்டாரு. ஆனா எனக்க மருமவ ராகேலுக்கு விசுவாசம் இல்ல. காலக் கழுவும்போ மூக்கப் பொத்துதா. ஏட்டி, எழும்பி நில்லு, சபை பாக்கட்டும்."

எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் மூக்கைப் பொத்தவில்லை.

அன்று மாலையே பார்த்தேன். கோயிலுக்குப் போன வழியில் உடைமரத்து முள் ஒன்று குதிகாலில் ஏறி முறிந்திருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்திருக்கலாம்.

"என்னமும் உண்டா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மாமா."

சபை முன்னால் சாட்சி சொன்ன மனுஷனை நான் பொய்யராக்கலாமா?

சுற்றிலும் சிவந்தது, பிறகு கறுத்தது. செத்த எலி நாற்றம் அடித்தது. வேப்பிலை போட்ட வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணி சுற்றினேன். தினமும் கேட்டார், தினமும் அதையே சொன்னேன். காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கியபோது கறுப்பு முழங்காலுக்கு வந்திருந்தது. காலை வெட்டியும் உயிர் நிற்கவில்லை.

சீழ் கட்டினால் முள் தானாகவே வெளியே வந்திருக்குமே, எப்படி எலும்புவரை போயிற்று என்று, வெட்டிய காலில் முள்ளைக் கண்ட டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. முள் ஏறிய ஒன்பதாம் நாள் அது வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. மாமா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். பெருவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினேன். நன்றாகத் தள்ளினேன். அவர் ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நரம்பைப் பற்றி டாக்டர் சொன்னது சரிதான்.

நாளைக்கு இதெல்லாம் வேண்டாம். கடைசி நாள்வரை மூக்கைப் பொத்தாமல் கழுவினாள் என்று மட்டும் சொல்லுங்கள். சபை கேட்கட்டும்.