எல்லாமே பொருந்திய தீ

இந்த அறையின் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றுதான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சத்தம் இன்னும் அதிகம். பரவாயில்லை இன்ஸ்பெக்டரம்மா, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

குற்றம் நடந்த விதத்தைப் பார்த்து, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்வது என் வேலை. வயது, தொழில், வீட்டில் யாரோடு இருப்பான், அடுத்து என்ன செய்வான், எல்லாம். உங்கள் துறையில் அதற்குப் பெயர் ப்ரொஃபைல். என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் ஜோசியர். அதுவும் எனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் அடுத்தடுத்து மூன்று கடைகள் எரிந்தபோது என்னைக் கூப்பிட்டீர்கள். மூன்றும் மதிய இடைவேளையில், ஆளில்லாத நேரத்தில். நான் சொன்னேன்: கல்யாணமாகாதவன், கைவேலை தெரிந்தவன், அக்காவோ அம்மாவோ போடும் சோற்றில் காலம் தள்ளுபவன், எரியும்போது கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவன். பிடிக்காமல் விட்டால் அடுத்தது ஆள் இருக்கும் இடம். கொளுத்தும் விதம், மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பின்கதவு என்றும் சொன்னேன்.

ஒரு ரேடியோ மெக்கானிக் கச்சிதமாக மாட்டினான். மூன்று தடவையும் கூட்டத்தில் நின்றிருந்தான். அவன் கடை அதே தெருவில்தான் இருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய அக்கா ஸ்டேஷன் வாசலில் என்னை மறித்தாள்.

"சார், அவன் அடுப்பு பத்தவைக்கவே பயப்படுவான் சார். நான் வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் ஒரு டீ கூட இல்லாம உக்காந்திருப்பான்."

தீயின் மேல் அவனுக்கு அசாதாரணமான உணர்ச்சி இருப்பதாக நான் எழுதிச் சேர்த்தேன்.

நீதிபதி அவனை விட்டுவிட்டார். சாட்சி எங்கே, வெறும் குணவிசேஷம்தானே இருக்கிறது என்றாராம். பத்திரிகைக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு என்னைக் கிழித்தார்கள். எங்கள் மாப்பிள்ளை அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்துக் காட்டினார். என் மகள் தண்ணீர் குடிப்பதுபோல் சிரிப்பை மறைத்தாள். முப்பது வருடம் இந்தத் துறைக்கு உழைத்தவன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

ஆனாலும் காத்திருந்தேன். அவன் மறுபடி செய்வான், அப்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று இருந்தேன். அவன் கடைக்கு எதிரே டீக்கடையில் தினமும் உட்கார்ந்து பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் ஊரார் ரேடியோவையெல்லாம் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். சோம்பேறி. ஒன்றும் செய்யவில்லை.

அதே தெருவில் மெத்தைக் கடை இருந்தது. ஒரு தலையணை வாங்கப் போனேன். கடைக்காரர் மனைவி நல்ல மாதிரி.

"கழுத்து வலியாண்ணே? இதப் போட்டுப் பாருங்க, சொக்கிப் போயிருவீங்க. நானே மதியானம் அவரு வெளிய போனதும் மேல போய் இதுலதான் ஒரு தூக்கம் போடுவேன்."

உண்மையிலேயே நல்ல தலையணை. இப்போதும் அதில்தான் படுக்கிறேன்.

மறுநாள் மதியம் பின்பக்கமாகப் போனேன். ஆள் இருக்கும் இடம் என்று நான் சொல்லியிருந்தேன். ஆகவே ஆள் இருக்க வேண்டியிருந்தது. மாடியில் ஜன்னல் திறந்திருந்தது, அவள் செருப்பு படிக்கட்டில் கிடந்தது. துணியைக் கதவு இடுக்கில் செருகிப் பற்றவைத்தேன். பஞ்சு, கேட்க வேண்டுமா. பிறகு முன்பக்கம் வந்து கூட்டத்தோடு நின்றேன். எப்படியும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், விவரம் தெரிந்திருப்பது நல்லதுதானே. அவள் குரல் கொஞ்ச நேரம்தான் கேட்டது.

மெக்கானிக்கை உங்கள் ஆட்கள் கடையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். விரல்கள் உடைந்தன. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான். உங்கள் மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நீங்கள்தான் விடவில்லை. "ஐயா, இத்தனை கேஸ்ல ஒருத்தனும் உங்க ப்ரொஃபைலுக்கு முழுசாப் பொருந்தினதில்ல. எங்கயாவது இடிக்கும். இது மட்டும் எப்படி அச்சு அசலா இருக்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஏதாவது ஒன்றை நான் மாற்றிச் செய்திருக்கலாம். ஆனால் எதை மாற்றினாலும் நான் சொன்னது தவறென்று ஆகிவிடுமே. அதற்கு மனம் வரவில்லை.

இப்போது பரிசோதனைக்கூட அறிக்கையை என் முன்னால் வைக்கிறீர்கள். முதல் மூன்றும் மின்கசிவு, தெருவின் பின்சுவரில் ஓடும் ஒரே பழுதான கம்பி, யாருமே கொளுத்தவில்லை என்கிறீர்கள். கம்பியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் அம்மா, எனக்கு மனிதர்களைத் தெரியும். அவன் கொளுத்தியிருப்பான். கொஞ்சம் தாமதித்தான், அவ்வளவுதான். அந்தத் தாமதம் தீரத்தான் நான் கை கொடுத்தேன்.

மெத்தைக் கடையைக் கொளுத்தியது நான்தான், அந்தப் பெண்ணைக் கொன்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனை மட்டும் தயவுசெய்து வெளியே விட்டுவிடாதீர்கள்.