ஆர்விட் ஹாகனின் பூ என்ன நிறம்

முதலில் காப்பிக்கு நன்றி, டோரீன். கொஞ்சம் தண்ணீராக இருந்தாலும் சூடாக இருக்கிறது. ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஜூன் மாதத்திலும் மழை பெய்யும். சூடாக எது கிடைத்தாலும் குற்றம் சொல்லக் கூடாது.

டாலியாப் பூ வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் படித்த குற்றச்சாட்டைக் கவனமாகக் கேட்டேன். போன வருடம் மண்டபக் கூரை ஒழுகியதால் புதுப் பூக்களுக்கான போட்டியை இணையத்திலேயே நடத்தினோம். படங்களை ஏற்றியவன் நான். ஆர்விட் ஹாகனின் பூப் படத்தை மட்டும் கெடுத்து ஏற்றினேன் என்கிறீர்கள். ஆமாம், கெடுத்தேன். ஆனால் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து விசாரிக்கிற அளவுக்கு அது பெரிய காரியமே இல்லை. பெரியதை நானே சொல்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் விதைப் பட்டியல் அச்சடிக்கும் இடத்தில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தேன். நான் அச்சுக்கு அனுப்பிய பீட்ரூட்டைப் பார்த்துப் பெண்கள் காதில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். என் கேரட்டைப் பார்க்க ஐடஹோவில் ஒரு பாதிரியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாராம். அதற்கெல்லாம் யாரும் விசாரணைக் குழு வைக்கவில்லை.

போட்டோவுக்குள் நிறம் என்று எதுவும் கிடையாது. எண்கள்தான் இருக்கின்றன. அந்த எண்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் கூடவே போகும். சமையல் குறிப்பில் ‘மூன்று’ என்பது மட்டும் இருந்து, கரண்டியா கோப்பையா என்ற இடம் கிழிந்துபோனால் என்ன ஆகும், அதுதான். நான் அந்த இடத்தைக் கிழித்தேன். உங்கள் கைபேசியும் கணினியும் தங்கள் இஷ்டத்துக்கு ஊகித்தன. அந்தி வானம் மாதிரி ஆரஞ்சாகப் பூத்து, இதழின் அடியில் ஊதா ஓடிய பூ உங்கள் எல்லோருக்கும் காய்ந்த களிமண்ணாகத் தெரிந்தது. “ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருக்கு” என்று எழுதியது நீங்கள்தான், டோரீன். சிரித்துச் சிரித்து எனக்குப் பல்செட் கழன்றுவிட்டது.

ஆர்விட்டின் கணினியில் மட்டும் வேறொரு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தேன். குறிப்பு இல்லாத படத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அதே படம் அவர் திரையில் ஆரஞ்சு நெருப்பாக எரிந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். இருபத்தாறு வருடம் இந்தச் சங்கத்தின் நிற நடுவர் அவர். நிற அட்டைகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார். என்னுடைய மிகச் சிறந்த மஞ்சள் பூவின் முன்னால் நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கிறபடி, “மெர்ல், இது பழைய பேண்டேஜ் நிறம்ப்பா” என்றார். அவர் கண் சொன்னால் முடிந்தது, மறுபேச்சு கிடையாது. அந்தக் கண்ணை அவரே ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இது நியாயமான ஆசை.

அந்தப் புதுப் பூவுக்குத் தன் மனைவியின் பெயரை வைக்க இருந்தார் ஆர்விட். அவர் மகள் கிர்ஸ்டன் ஸ்போகேன் நகரிலிருந்து போனில், “அப்பா, களிமண் மாதிரி இருக்கு, இதுக்குப் போய் அம்மா பேரை வைக்கணுமா?” என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் ஆர்விட் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். செடியின் முன்னால் நிறுத்தினார்.

“ஏம்ப்பா மெர்ல், நிறம் பாத்தே சோறு தின்னவன் நீ. இது என்ன நிறம்?”

பூ எரிந்துகொண்டிருந்தது. நான் கொஞ்சம் இருமினேன். “உனக்கு என்னவாத் தெரியுது?” என்று கேட்டேன்.

“ஆரஞ்சு.”

நான் அவர் தோளில் கை வைத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதைப் பொய் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

கண் டாக்டர் சோதித்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். நல்ல சேதி என்றுதான் நானும் நினைத்தேன். ஆர்விட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “கண்ணுல ஒண்ணுமில்லன்னா கோளாறு மண்டைக்குள்ள. எங்கண்ணனுக்குப் புத்தி தடுமாறினதும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றார். அடுத்த வாரம் கார் சாவியை மகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். “சிக்னல்ல சிவப்பா பச்சையான்னு எனக்கே நிச்சயமில்ல, யாரையாவது கொன்னுட்டா?” நிற அட்டைகளைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் அவற்றை என்னிடம் கொடுத்தீர்கள். இதோ, சட்டைப்பையில்தான் இருக்கின்றன. இன்றைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.

அக்டோபரில் கிழங்குகளைத் தோண்டி, மரத்தூள் போட்ட பெட்டியில் அடுக்கி எனக்கே கொடுத்தார். “என்ன நிறம்னே தெரியாததை நான் வளத்து என்ன பண்ண? நீ வை. பூத்தா உள்ளதைச் சொல்லு.”

அறைக்குள் வைத்து முன்கூட்டியே முளைக்கவிட்டேன். பன்னிரண்டு செடி. இந்த மாதம் அத்தனையும் பூத்துவிட்டன. என் வீட்டுக் கொல்லையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி ஒருமுறை வேகம் குறைத்துப் போனது. நீங்கள் நம்பாவிட்டால் போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்விட்டைக் காரில் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் கூட்டி வருகிறேன். உங்களில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் பூவைப் பார்த்தார். ஒரு இதழைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

“எனக்கு இன்னும் ஆரஞ்சாத்தான் தெரியுது, மெர்ல். அடியில ஊதா ஓடுது.”

“களிமண் நிறம், ஆர்விட்” என்றேன்.

தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார். “நீ ஒருத்தன்தான்ப்பா எனக்காகப் பூசி மெழுகிப் பேச மாட்டே.”

இவ்வளவுதான், டோரீன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சங்கத்திலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள், ஒரு இதழளவுகூட வருத்தம் தெரிவிக்க மாட்டேன். ஆனால் அவரைக் கூப்பிட எடுத்த அந்தப் போனை மட்டும் கீழே வையுங்கள். அவரிடம் எதையும் சொல்ல வேண்டாம். தன் கண்ணையே நம்ப முடியாத மனிதர் அவர். நானும் இல்லையென்றால் அவருக்கு நிறம் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?