பெட்ரோல் மூடிக்குள் ஒரு புள்ளி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எனக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று எழுபது. கார் கழுவுகிற தொழிலில் இது பெரிய தொகை இல்லை. நல்ல மனிதர்கள்தான் பாக்கி வைப்பார்கள். மோசமானவர்கள் பேரம் பேசிக் குறைத்து, கையோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஐயா, அந்தப் பணத்துக்காக அவரைக் கொன்றேன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் தாள் கேட்டேன். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதித் தருவதாக உங்கள் எழுத்தர் சொன்னார். வேண்டாம் என்றேன். நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்ற எழுத்து, இதற்காவது உதவட்டும்.

முதலில் தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரில் ஒட்டிய தாரை எடுக்க வலு தேவையில்லை. பிளேடு வைத்துச் சுரண்டுகிறவன் தாரோடு பெயின்ட்டையும் எடுத்துவிடுவான். பழைய பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, கறைமேல் ஒட்டினாற்போல வைத்து, முந்நூறு எண்ண வேண்டும். அவசரமாக எண்ணக் கூடாது. முந்நூறில் தார் தானாக இளகித் துணியோடு வந்துவிடும். வராவிட்டால் வேறு துணி, மறுபடி முந்நூறு. அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஷெட்டில் நான் அப்படித்தான் பிழைத்தேன்.

அந்த ஷெட் வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து என்னுடையதாக ஆக இருந்தது. முதலாளிக்கு முட்டி போய்விட்டது. "இனிமே என்னால குனிய முடியாதுய்யா, நீயே எடுத்து நடத்து, மாசா மாசம் வாடகை குடு, போதும்" என்றார். ஒப்பந்தத் தாளும் வாங்கி வைத்தாயிற்று. நான் கைநாட்டு வைக்கப் போவதில்லை, கையெழுத்துப் போடப் போகிறேன். பழைய விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் தினம் பத்துத் தடவை எழுதிப் பழகினேன். ஒரு மனிதனுக்கு ஒன்றே ஒன்று கிடைக்கப் போகிறது என்றால் அவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பான் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய் அவருடைய வெள்ளைக் காரை நானே எடுத்துவருவேன். கழுவி, மதியம் கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கு மூன்று வண்டி காத்திருந்தது. பைபாஸில் போனால் இருபது நிமிடம் மிச்சம். அங்கே புதுத் தார் போடுவதால் குறுக்கே டிரம் வைத்து அடைத்திருந்தார்கள். இறங்கி டிரம்மை நகர்த்தினேன், உள்ளே போனபின் பழையபடி வைத்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம்.

ரோடு போடுகிறவர்கள் தூரத்தில் ரோலர் பக்கம் இருந்தார்கள். தார் காய்ச்சுகிற புகை ரோட்டை மூடியிருந்தது. ஒரு பெண் மட்டும் பின்தங்கி, ஓட்டை வாளியால் ஓரத்தில் தார் தெளித்துக்கொண்டிருந்தாள். புகைக்குள்ளிருந்து அவள் திடீரென்று வந்தாள் என்று முதலில் எழுத நினைத்தேன். அது சரியில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான்தான் வந்தேன்.

பம்பர் அவள் தொடையில் மோதியது. தலை முன்கண்ணாடியில் அடித்து, அவள் இடதுபக்கமாக விழுந்தாள். வாளியும் அந்தப் பக்கமே கவிழ்ந்தது. காரின் மீது பாதி, அவள் மீது பாதி. கொதிக்கிற தார் தண்ணீர் மாதிரி ஓடும். அவள் கழுத்தில் ஓடி நின்று, அங்கேயே இறுக ஆரம்பித்தது. அவள் கத்தவில்லை. "அண்ணே, தண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. அதை எடுத்து முன்கண்ணாடியில் ஊற்றினேன். கண்ணாடி முழுக்க ரத்தம். பாதை தெரியாமல் வண்டி ஓட்டுவது ஆபத்து.

ஷெட்டுக்கு வந்து, மற்ற மூன்று வண்டிக்காரர்களையும் மாலை வரச் சொல்லிவிட்டு, இரண்டரை மணி நேரம் வேலை பார்த்தேன். பம்பரில் ஒரு பள்ளம். வெந்நீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளினேன், பொக்கென்று வெளியே வந்துவிட்டது. சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவில் முடி இருந்தது, எடுத்தேன். தாருக்குப் பதினொரு துணி ஆனது. இடது பக்கம் முழுக்கக் கண்ணாடி போல ஆகிவிட்டது. இவ்வளவு சுத்தமாக நான் எந்த வண்டியையும் எடுத்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ள முடியாதே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். சூட்டுத் தார் இடுக்கு கண்ட இடமெல்லாம் ஓடும் என்று தெரிந்தவன் நான். பெட்ரோல் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

"மாஸ்டர், உன் வேலையில குத்தம் சொல்ல எனக்கு இன்னிக்குத்தான் வாய்ச்சுது. பெட்ரோல் போடுறப்போ காட்டுனாங்க. இது என்னது?"

மூடிக்கு உள்பக்கம், மிளகு அளவு கறுப்பு.

"தாருங்க சார். இருங்க, எடுத்துடறேன்."

"எடுக்கிறது இருக்கட்டும். நான் தார் ரோட்டுப் பக்கமே போகலையே. நீயே ஒட்ட வச்சு, நீயே எடுத்து, அதுக்கும் என் கணக்குல எழுதிடுவ போலிருக்கே."

நானும் சிரித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து அந்தப் புள்ளியைக் கிட்டத்தில் பார்த்தார். பொடி எழுத்து படிக்கவைத்தே பிழைத்த மனிதர். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"செவ்வாக்கிழமை வண்டி உன்கிட்டதான இருந்துச்சு?"

நான் துணியை மண்ணெண்ணெயில் நனைத்தேன்.

"பேப்பர்ல போட்டிருந்தான்யா. அந்தப் பொம்பள மேல ரெண்டு தடவை ஏறியிருக்குன்னு."

பேப்பரில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். மேலே நான் அதை எழுதாமல் தாண்டிவிட்டேன், இப்போது எழுதுகிறேன். கேனை டிக்கியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையின் மேல் ஷெட்டின் பெயர் தைத்திருக்கும். அவள் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படித்தான் உதட்டை அசைத்துப் படிப்பேன். அவளுக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, அதை அவளிடம் கேட்க முடியாது. வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிறகு முன்னால் வந்தேன். சக்கரம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாற்போல இருந்தது. ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, ஐயா.

கண்ணாடிக்காரரிடம் சொன்னேன், "சார், ஒண்ணாந்தேதி வரைக்கும் பொறுத்துக்குங்க. கையெழுத்துப் போட்டதும் நானே போய்ச் சொல்லிடறேன்."

"கையெழுத்தா? அவளுக்கு ரெண்டு பிள்ளைங்கய்யா." அவர் குரல் உடைந்தது. "வா, இப்பவே போவோம். நானும் கூட வர்றேன். வக்கீல் செலவு என்னோடது. நீ கெட்டவன் இல்ல, பயந்துட்ட, அவ்வளவுதான்." அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். "முதல்ல உன் பாக்கியை வாங்கிக்க. காசு குடுக்காம ஏமாத்தத்தான் உன்னை மாட்டி விட்டேன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது."

பர்ஸை எடுக்கக் காருக்குள் குனிந்தார். இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் பணம் கொடுக்கத்தான் குனிந்தார்.

ஜாக்கி கம்பி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பிடரியில் ஒன்று, விழுந்தபின் காதுக்கு மேலே ஒன்று. இரண்டாவது அடியில் கண்ணாடி தெறித்து வடிகாலில் விழுந்தது. அவர் சாகவில்லை. தரையில் ஈரம், கால்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணி நனைந்து தயாராக இருந்தது, அந்தப் புள்ளிக்காக எடுத்து வைத்தது. அதை அவர் மூக்கிலும் வாயிலும் ஒட்டினாற்போல வைத்து, எண்ண ஆரம்பித்தேன். நூற்று எழுபதில் என் முழங்கையை விட்டார். இருநூற்றுப் பத்தில் கால் நின்றது. நான் முந்நூறு வரை எண்ணினேன். பாதியில் எடுத்தால் எந்த வேலையும் நிற்காது.

பிறகு வேறு துணி எடுத்து அந்தப் புள்ளியைத் துடைத்தேன். தரையைப் பிரஷர் பைப்பால் அடித்துக் கழுவினேன். அவரைப் பின் இருக்கையில் கிடத்தி, வண்டிக்குக் கவர் போட்டேன். முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்து, "என்னய்யா, ஷெட்டு இன்னிக்கு மாமியார் வர்ற வீடு மாதிரி பளபளங்குது" என்றார். இருட்டுகிற நேரத்தில் காரைப் பழைய கல்குவாரிக் குட்டையில் தள்ளிவிட்டேன். பர்ஸ் காருக்குள்ளேயே இருந்ததை நீங்களே பார்த்தீர்கள். நான் திருடன் இல்லை.

பணம் எடுக்கவில்லை என்பதால்தான் நோட்டில் எழுத வேண்டியதாயிற்று. வராத பாக்கியைச் சும்மா விட்டுவைத்தால் கணக்கு உதைக்கும். வீட்டுக்கு வந்து, மூவாயிரத்து எண்ணூற்று எழுபதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "இனி வராது, தள்ளுபடி" என்று எழுதி, சனிக்கிழமை என்று தேதியும் போட்டேன். தேதி போடாத கணக்கு கணக்கே இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை நீங்கள் காரை எடுத்தீர்கள். புதன்கிழமை அவர் வீட்டம்மா ஷெட்டுக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"மாஸ்டருக்குத் தரணும், தரணும்னு சொல்லிட்டே இருப்பாருங்க. யாருக்கும் பாக்கி வச்சிட்டுப் போனதா இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்துக்குங்க, கணக்கை அடிச்சிடுங்க."

எண்ணினேன், சரியாக இருந்தது. என் கையெழுத்தை அவர் பார்க்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். மூன்று சொல், ஒரு தேதி. அவ்வளவு மெதுவாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை ராத்திரி," என்றார், "அவர் வந்துடுவார்னு நான் சோத்தை மூடி வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

பணத்தை விட்டுவிட்டு வெளியே நடந்தார். ஒரு மணி நேரத்தில் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அந்தப் பணத்தை உங்கள் ஆள் உறையில் போட்டு ஒட்டிவிட்டார். பரவாயில்லை. நோட்டை மட்டும் ஒரு நிமிடம் தந்தால் "தள்ளுபடி" என்பதை அடித்து "பைசல்" என்று எழுதிவிடுவேன். அந்த அம்மா தந்தது தந்ததாக இருக்க வேண்டும். அதோடு என் கணக்கில் யாரிடமும் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை.

அந்த ரோட்டுவேலைப் பெண் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவள், ஓர் எழுத்தும் தெரியாதவள் என்று நேற்று சொன்னீர்கள். அவள் பெயரையும் இரண்டு தடவை சொன்னீர்கள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத ஆளுக்கு என் நோட்டில் பக்கம் கிடையாது.