உஷாராணி அனுப்பிய பதில்

அந்தப் பழக்கூடைய அங்கயே வெய்யி. கேட்டுக்கு வெளியவே இருக்கட்டும். என்ன சும்மா அங்கிள், அங்கிள்னுகிட்டு? உன்ன எனக்குத் தெரியும் லா. குகன். செந்தூல் ஃப்ளாட்டுக்காரன். படத்துல கோட்டு போட்டு, கைய கட்டிக்கிட்டு நிப்பியே, அதே மூஞ்சிதான். என் பொண்டாட்டி போன்ல எத்தன தடவ பாத்திருக்கேன்.

இருக்கா, உஷாராணி உள்ளதான் இருக்கா. மொதல்ல நான் பேசணும். நில்லு. வெயில் அடிக்குதா? அடிக்கட்டும்.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவன். இந்த லிங்க்டின், நெட்வொர்க்கிங், ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது. அவ இங்க கிள்ளான் துறைமுகத்துல ஷிப்பிங் கம்பெனில மேனேஜரா இருந்தவ, அவளுக்குத் தெரியும். காலையில ஒரு கையில தோசைய பிச்சித் தின்னுக்கிட்டே இன்னொரு கையில போன தட்டிக்கிட்டிருப்பா. உங்களுக்கு ஆள் வேணும், இந்தப் பொண்ணு வேல தேடுது, ரெண்டு பேரும் பேசிக்குங்கன்னு எழுதுவா. அவ்ளோதான் அவ செய்யறது. ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனத் தோட்டத்துல ஒரு பொண்ணு, ஸ்ருதின்னு. நேர்ல பாத்ததே இல்ல. அதுக்காகப் பினாங்குல யார் யாருக்கோ எழுதி வேல வாங்கிக் கொடுத்தா. இதுல உனக்கு என்னடி கெடைக்குதுன்னு கேப்பேன். எனக்கு என்ன கெடைக்கும்னு பாத்துக் கொடுத்தா அது பாசார் யாவாரம் லா, போய் பஸ்ஸ எடுங்கம்பா.

உனக்குச் செய்யலயா? உன் ரெஸ்யூமே குப்பையா கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து திருத்துனா. அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையில சாப்பாட்டுக் கடைக்கு உன்ன வரச் சொல்லி, ஒரு பெரிய மனுசன் பக்கத்துல உக்கார வச்சு அறிமுகம் பண்ணி வச்சா. உன் மொத வேல அப்படி வந்ததுதானே? நானும்தான் அந்த மேசையில சாப்புட்டேன். ஞாபகம் இல்லயா? எப்படி இருக்கும்? நீ என்ன எங்க பாத்த.

அப்புறம் அவ கம்பெனி கை மாறிச்சு. புதுசா வந்தவன் ஆள கொறச்சான். காலையில வேலைக்குப் போனவ மத்தியானமே ஒரு அட்டப்பெட்டியோட வந்து நிக்கறா. சரி, இத்தன பேருக்குச் செஞ்சிருக்காளே, ஒருத்தனாவது போன் போடுவான்னு நெனச்சேன். வேல தேடறேன்னு அவளும் பொதுவுல எழுதிப் பாத்தா. எல்லாரும் வந்து ஹார்ட்டு போட்டானுங்க. தைரியமா இருங்க அக்கான்னானுங்க. ஹார்ட்ட வச்சு என்ன செய்ய, சாம்பார்லயா போட முடியும்?

அப்புறம்தான் தனித்தனியா எழுத ஆரம்பிச்சா. அவ யார்கிட்டயும் கை நீட்டாதவ தம்பி. எழுதுவா, அழிப்பா, மறுபடி எழுதுவா. உனக்குத்தான் மொதல்ல எழுதுனா, உன் ஆபீஸ்ல அவ பாத்த மாதிரியே ஒரு வேல காலியா இருந்துச்சு. நீ படிச்ச. படிச்சா அந்த மெசேஜுக்குக் கீழ படிச்சவன் மூஞ்சி சின்னதா வந்து உக்காரும்ல? உக்காந்துச்சு. அதோட சரி. சோறு வடிக்கறப்ப பாப்பா, துணி காயப் போடறப்ப பாப்பா. உன் மூஞ்சிதான் இருக்கும், பதில் இருக்காது. பிஸியா இருப்பான்பான்னு என்கிட்ட உனக்காகப் பேசுவா.

என்ன? பாஸ் சின்ன வயசு ஆளா கேட்டாரா? அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. அக்கா, நம்ம எடத்துல நடக்காது, மன்னிச்சிக்குங்கன்னு. வாயில என்ன வச்சிருந்த? அதுக்கும் சரிப்பான்னுதான் சொல்லியிருப்பா.

ஆனா அதே வாரம் நீ பக்கம் பக்கமா எழுதுன. எதையும் எதிர்பாக்காம கொடுங்க, ஒருத்தர ஒருத்தர் தூக்கி விடுங்கன்னு. மைக்கப் புடிச்சிக்கிட்டு மேடையில நிக்கற படம் வேற. என் பொண்டாட்டி அதுக்கு லைக் போட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் போன வாசல்ல ஓடற லோங்காங்கு சாக்கடையில வீசியிருப்பேன்.

கண்ணத் தொடைக்காத. அழுதா மனசு எறங்கிடும்னு பாக்கறியா? எறங்காது.

இப்ப உனக்கு வேல போச்சு. உடனே ஹாய் அக்கா, நல்லாருக்கீங்களா. எங்க வந்து எழுதுன தெரியுமா? அவ உன்கிட்ட கேட்டாளே, அதுக்கு நேர் கீழ. நடுவுல ஒரு வார்த்த கெடையாது. எழுதறப்ப மேல இருந்தது கண்ணுக்குத் தெரியலயா? தெரிஞ்சும் எழுதுனியா? சொல்லாத, வேணாம். அவ பழைய கஸ்டமர் திருச்செல்வத்துக்கிட்ட பேசுன்னு அன்னைக்கே பதில் வந்துச்சு. நீ பேசுன, வேல கெடச்சுச்சு, கூடையத் தூக்கிக்கிட்டு வந்துட்ட.

உன் மெசேஜ மொதல்ல பாத்தது நான்தான். உன் அப்பன் ஆத்தா வரைக்கும் இழுத்து பதில் அடிச்சு வச்சேன். அனுப்பறதுக்குள்ள அவ பாத்துட்டா. போனப் புடுங்கிட்டா.

ஆமா, அந்தப் பதில் மொட்டையாதான் இருந்திருக்கும். வணக்கம் இல்ல, தம்பின்னு இல்ல, ஒரு பேரு, ஒரு நம்பரு, பேசு. அதுலயும் எழுத்து தப்பு. அக்காவுக்கு உன் மேல கோவம்னு நெனச்சிக்கிட்டியா? கோவப்படறதுக்கு இந்த வீட்டுல நான் இருக்கேன் லா.

அவளுக்கு போன வருஷம் ஸ்ட்ரோக் வந்துருச்சு. வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. எடது கையில ஒத்த வெரல வச்சு எழுத்து எழுத்தா தேடணும். நான் மத்தியானம் புள்ளைங்கள ஏத்தக் கெளம்பறப்ப உனக்கு எழுத ஆரம்பிச்சா. எல்லாத்தையும் வீடு வீடா எறக்கி விட்டுட்டு வந்து பாக்கறேன், அப்பதான் திருச்செல்வம் பேர முடிச்சிருக்கா. வேர்வையில தலகாணி நனைஞ்சு கெடக்கு. குடு, மிச்சத்த நான் அடிக்கறேன்னேன். குடுக்க மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா. நான் என்ன அடிப்பேன்னு அவளுக்குத் தெரியும்ல.

போ. முன் ரூமுதான். ஷூவக் கழட்டிட்டுப் போ.