குகைக்கும் கல்லுக்கும் போய் வந்தோம்

உக்காரும்மா, அங்க யாரும் இல்ல. பையை நான் எடுத்துக்கறேன். ஜன்னலோரம் இருக்காரே, அவர் எங்க வீட்டுக்காரர், சிரில். கதவுப் பக்கம் ரெண்டு பேர் இருக்காங்க பாரு, ரேடோவும் அவர் சம்சாரம் யெல்காவும். அவங்களும் எங்களோட வந்தவங்கதான். ஆமா, தள்ளித்தான் உக்காந்திருக்காங்க. காலையில போகும்போதும் அப்படித்தான்.

சம்பந்தி ஆகவேண்டியவங்கம்மா.

பழைய பகை. ஜெர்மன்காரன் வந்த அந்தப் போர் முடிஞ்ச கையோட, தோத்தவங்கள மேல காட்டுக் குகையில கொன்னு தள்ளினாங்கல்ல, அதுல எங்க மாமனாரோட அண்ணன் ஒருத்தர். தள்ளின பக்கம் ரேடோ வீட்டாளுங்க. அவங்களைக் கேட்டா, அதுக்கு முன்னாடியே உங்காளுங்க காட்டிக்கொடுத்து எங்க பெரியப்பாவை ஜெர்மன்காரன் ஆத்தங்கரையில சுட்டானேம்பாங்க. அதுவும் நிசந்தான்.

எங்க பொண்ணு பிரினா கட்டிக்க இருந்தது ரேடோ பையன் லெனார்ட்டை. ரெண்டு வீட்டாரும் ஒரே ரயில்ல போகணும், குகை வாசல்லயும் ஆத்தங்கரை நினைவுக்கல்லுகிட்டயும் சேர்ந்து நிக்கணும், அப்புறந்தான் கல்யாணம்னு பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. அந்தக் கல்லு முன்னாடி நான் நிக்கறதான்னு இவர். குகைப் பக்கமே வரமாட்டேன்னு அவர். தள்ளிப்போயிட்டே இருந்துச்சு.

இன்னிக்குப் போயாச்சு. குகை வாசல்ல ஒரே காத்து. மெழுகுவத்தி நிக்கவே இல்ல. தூரமா நின்ன ரேடோ வந்து, போட்டிருந்த கோட்டை விரிச்சுக் காத்தை மறைச்சார். ஆத்தங்கரையில ரேடோவால முட்டி மடக்க முடியல. இவர் அவர் கையிலேருந்து விளக்கை வாங்கி, குனிஞ்சு வெச்சார். அப்புறம் யெல்கா வால்நட் ரொட்டி எடுத்தா. ஆறு துண்டா வெட்டிட்டா. நாலு பேருதானே இருந்தோம். மிச்ச ரெண்டைத் துணியில சுத்தி வெச்சுட்டா.

பிள்ளைங்களா? ஏப்ரல்ல போயிட்டாங்கம்மா. மலைப்பாதையில கார் வழுக்கிடுச்சு, ரெண்டு பேரும் ஒரே கார்ல.

இல்ல, அந்தக் கைக்குட்டை வேண்டாம், நீயே வெச்சுக்கோ. எனக்கு அழுகை வரதில்ல. சாப்பிடறேன், தூங்கறேன், எல்லாம் நடக்குது.

கல்லறையில தனித்தனியாத்தான் வெச்சோம். அவ சாம்பல் எங்க ஊர்ல, அவன் சாம்பல் அவங்க ஊர்ல. கல்யாணம்தான் ஆகலையேன்னு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம். அந்த ஒரு விஷயத்துலதான் ஒத்துப்போனாங்க.

நீ ஏறறதுக்கு முந்தி ஒரு சுரங்கப்பாதை வந்துச்சு, அப்ப இவர் எழுந்து அவங்ககிட்ட போனார். ரயில் சத்தத்துல கொஞ்சம் உரக்கவே கேட்டார். பையன் கல்லறையில இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்குமான்னு.

இருக்கும்னார் ரேடோ.