தப்புக் காலில் ஒரு ‘நில்’

— கட்! கட்! அப்பா, ‘கட்’ சொல்லியாச்சு. இன்னும் ஏன் நடக்குறாங்க?

— உன் ‘கட்’டெல்லாம் அவங்க காதுல ஏறாது. என் சத்தத்துக்குத்தான் நிப்பாங்க. அணி... நில்! பாத்தியா? பத்து கேடட், ஒரே சத்தம். தெளிவா?

— அதுதான்பா என் தலைவலியே.

— என்ன தலைவலி? பட்டாளத்துக்காரன் வேஷத்துக்கு நிஜப் பட்டாளத்துக்காரன் வேணும்னு கூப்பிட்ட, வந்தேன். பசங்களுக்கு நடக்கச் சொல்லிக்குடுங்கன்ன, குடுத்தேன்.

— கடைசி சீனுக்குப்பா! பரிசு வாங்குற சீனுக்கு. அத முந்தாநாளே எடுத்தாச்சு. இப்ப எடுக்குறது முதல் நாள் பயிற்சி. ஸ்கூலே கைகழுவின பசங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிக்கிட்டு விழணும்.

— கடைசிய முதல்ல எடுப்பீங்க, ஆரம்பத்தக் கடைசியில எடுப்பீங்க. இது என்ன கூத்து?

— பரிசு குடுக்குற நடிகருக்கு அன்னைக்குத்தான் தேதி கிடைச்சது.

— சரி, விழுங்கடான்னு சொல்லிப் பாரேன்.

— சொல்லாமலா? பாய் விரிச்சுப் படுக்குற மாதிரி விழுறாங்க. அதுவும் வரிசை கலையாம.

— நல்ல பயிற்சி.

— விளையாடாதீங்கப்பா. அங்க நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரே தயாரிப்பாளர், எதுக்கு வந்திருக்கார் தெரியுமா? இதுவரைக்கும் எடுத்ததைப் போட்டுப் பாத்துட்டு, ‘காமெடிப் படம்னீங்களே, சிரிப்பு எங்கேம்மா?’ன்னார். வெளிச்சம் போறதுக்குள்ள இந்த சீன் வரலன்னா, நாளைக்கு வேற டைரக்டர். என் முதல் படம்பா. கைய விட்டுப் போயிடும்.

— இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?

— சொன்னா, பசங்களை மைதானத்தச் சுத்தி இன்னும் நாலு ரவுண்டு ஓட விடுவீங்க.

— சரி, இப்ப நான் என்ன செய்யணும்?

— ‘நில்’னு கட்டளை குடுத்தா அது இடது கால் தரையில படும்போது வரணும்னு சொன்னீங்கல்ல? வலது கால் படும்போது வந்தா என்ன ஆகும்?

— அணி சிதறிடும். பழகாதவன்கூட எப்படியோ சமாளிச்சுடுவான். பழகினவனுக்குத்தான் ரெண்டு காலும் சண்டை போடும். பாதிப் பேர் நிப்பாங்க, மீதிப் பேர் முட்டுவாங்க.

— அதக் குடுங்க.

— எத?

— வலது கால்ல ஒரு ‘நில்’. ஒரே ஒரு தடவை.

— முடியாது. தப்புக் கால்ல என் வாய் திறந்ததே இல்ல.

— இது சினிமாப்பா!

— இருக்கட்டும். வரும்போதே ஒரு கண்டிஷன் போட்டேனா இல்லையா? என்னைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. தெளிவா?

— கேமரா பசங்க மேலதான் இருக்கு. பசங்களைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. உங்க மீசைக்கு ஒண்ணும் ஆகாது.

— அந்த ஒல்லிப் பையன் இருக்கானே, ஒட்டடக்குச்சி, அவனுக்கு இடது எது, வலது எதுன்னே தெரியாது. ஷூவுல சாக்பீஸ் தேச்சு விட்டுக் கத்துக்குடுத்தேன். என் வார்த்தைய நம்பித்தான் கால எடுத்து வைக்கிறான். அவனைப் போய் நானே...

— வீட்டுல எனக்கு இதுல பாதிப் பாசம் காட்டியிருந்தா, நான் இந்தப் படமே எடுத்திருக்க மாட்டேன்.

— அப்படியா நினைக்கிற?

— அத அப்புறம் பேசலாம். வெயில் இறங்குது. ப்ளீஸ்பா.

— ஒரே தடவை. உனக்காக.

— எல்லாரும் ரெடியா? கேமரா... ஆக்‌ஷன்!

— அணி, முன்னால் நட! இடது, வலது, இடது, வலது, இடது... நில்!

— என்னப்பா இது? மறுபடியும் கல்லு மாதிரி நின்னுட்டாங்க! வலது கால்லதான குடுத்தீங்க?

— வலதுலதான் குடுத்தேன். பொறு. டேய் ஒட்டடக்குச்சி, இங்க வா. நான் ‘நில்’ குடுத்தது எந்தக் கால்ல?

— வலதுல, சார்.

— அப்புறம் எப்படிடா நின்னீங்க?

— நீங்க தப்பு பண்ணிட்டீங்கல்ல சார், படக்காரங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடி போட்டவன்தான் ‘இன்னொண்ணு’ன்னு முணுமுணுத்தான். எல்லாரும் ஒரு அடி சேத்து வச்சு நின்னுட்டோம். யாருக்கும் தெரியலல்ல, சார்?

— தெரியலடா. போ. போய் வரிசையில நில்லு.

— அப்பா... அழறீங்களா?

— தூசி.

— தயாரிப்பாளர் எழுந்துட்டார்பா. போன்ல யாரையோ கூப்பிடுறார். இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் தாங்கும்.

— போதும். அந்த ஓரத்துல தண்ணி தேங்கிச் சகதியா கிடந்துச்சே, எங்க?

— உங்களுக்குப் பின்னாடிதான். எதுக்கு?

— நான் பின்பக்கமா நடந்துக்கிட்டே கட்டளை குடுக்குறேன். பசங்க ஒழுங்கா என்னைப் பாத்து நடந்து வரட்டும்.

— ஐயோ, அவங்க விழலன்னா சீனே இல்லப்பா!

— விழ ஆள் இருக்கு. அந்தப் பசங்களைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது, தெளிவா? கேமராவ என் பக்கம் திருப்பு.