பதினான்காம் பக்கத்தின் கடைசி வரி

ஒரு சரியான விடைக்கு இந்தத் துறை சுழியம் போட்டிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுழியத்தில் பாதி என் கைவேலை. மீதிப் பாதி இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டேன். வணக்கத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தால், அதற்குள் யாராவது என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்திருப்பார்கள்.

இனி வணக்கம்.

இந்த நாற்பதாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் மண், நீரியல் துறைத் தலைவர், பேராசிரியர் ஜோகோட்டோ அம்மையார் அவர்களே! இந்த நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தந்த குடியின் தலைவர், தோக்பே அவர்களே! தலைவரின் சொல்லைச் சபைக்குக் கொண்டுவரும், கோலேந்திய சியாமி அவர்களே! எனக்கு இடப்பக்கம் அமர்ந்து இப்போது கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் டாக்டர் செனாயா அவர்களே! விடியுமுன் எழுந்து மக்காச்சோள மாவில் அக்ப்லே கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பு கொதிக்கவைத்து, வாசனையால் என் பேச்சைச் சுருக்கப் பார்க்கும் தாய்மார்களே! வேப்பமரத்தடியில் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே! என் கடைக்கு எதிரே கடை போட்டு, என்னைவிடப் பளிச்சென்று நகல் எடுக்கும் என் போட்டியாளர்களே! உங்கள் அனைவருக்கும் டோட்சேயின் வணக்கம்.

சற்று முன் நம் ஊர்த் தறியில் நெய்த துணியை என் தோளில் போர்த்தினீர்கள். முப்பத்தோர் ஆண்டு இந்த வாசலில் நகல் எடுத்தவனுக்கு மரியாதை என்றீர்கள். மகிழ்ச்சி. மறைக்கமாட்டேன், பெரிய மகிழ்ச்சி. இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் அம்மா, பார்ப்பது உங்கள் கடமை. பேசுவது என் பிடிவாதம்.

நான் பள்ளியை நடுவில் விட்டவன். எனக்குப் பாடம் சொன்னது யார்? எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்த தாள். சட்டம் படிப்பவனின் தாள் வந்தது, படித்தேன். செவிலியர் படிப்பின் தாள் வந்தது, படித்தேன். எலும்பின் படம் வந்தது, என் முழங்காலைத் தடவிப் பார்த்துப் படித்தேன். கணக்கு வந்தது, புரியவில்லை, இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டேன், இன்னும் புரியவில்லை. பழைய வினாத்தாள் கட்டுகள், நீங்கள் பாஸ்கோ என்று செல்லமாகச் சொல்வீர்களே, அவை எத்தனை என் கையால் தைக்கப்பட்டன! எந்தத் துறையின் எழுத்து என் விரலில் ஒட்டவில்லை? எந்தப் பாடத்தின் மை என் சட்டையில் படவில்லை? ஒரு வாழ்நாள் முழுக்கப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றே அதன் உள்ளே இருந்தவன் நான். அந்த வாழ்க்கையில் எனக்குக் குறையில்லை. குறை வேறு.

ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு பெண் கடைக்கு வந்தாள். செஃபாகோர் என்று பெயர். இறுதியாண்டு, இதே துறை. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறதே அன்லோகா மணல்திட்டு, அங்கே சின்ன வெங்காயம் போடும் வீட்டுப் பெண். கையில் கடற்கரை வேளாண்மைப் பாடக்குறிப்பு, அறுபத்திரண்டு பக்கம். பதினான்காம் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்து, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"எஃபோ, இந்தக் குறிப்பை அடிச்சது நீங்கதானே?"

நான்தான் என்றேன்.

"அப்ப இதைப் படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். மணற்பாங்கான கடற்கரையில் கிணற்று நீர் உப்பேறினால், கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது வழக்கம். அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் உரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

"எங்க ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளைகூட இப்படிச் சொல்லாது. ஆழமாப் போனா கடல்தான் வரும். நான் அப்படித்தான் எழுதினேன். எட்டாங் கேள்விக்கு முட்டை போட்டுட்டாங்க. ரெண்டு மார்க்குல அரியர், எஃபோ. இந்தப் பேப்பரை மறுபடி எழுத ஒரு வருசம் காத்துக் கிடக்கணும்."

அழவில்லை அந்தப் பெண். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். அதனால் நான் எழுந்து தேட வேண்டியதாயிற்று.

இந்தக் குறிப்பை எழுதியவர் ஆசிரியர் தமக்லோ. இங்கே நரைத்த தலைகளுக்கு அவரைத் தெரியும். அந்தக் கடற்கரையில் எட்டு ஆண்டு நடந்து நடந்து எழுதினார். தட்டச்சு செய்த மூலப்பிரதியைக் கண் மூடுமுன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தாள் நைந்துவிட்டது என்று அதைத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டு, நகலிலிருந்து நகல், அந்த நகலிலிருந்து நகல் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தேன். பதினான்காம் பக்கத்தை எடுத்தேன். கையிலிருந்த நகலின்மேல் வைத்தேன்.

என்ன கண்டேன் தெரியுமா? மூலத்தாள் நீளம். நகல்தாள் குட்டை.

தமக்லோ தட்டியது ஃபுல்ஸ்கேப் தாளில். பதினெட்டு ஆண்டுக்கு முன் இந்த ஊரில் அந்த நீளத் தாள் கிடைப்பது நின்றது. ஏ-ஃபோர் வந்தது. நான் என்ன செய்தேன்? நீளத்தை எந்திரத்தில் வைத்து, குட்டையில் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அடிவரி வெட்டுப்பட்டது. அறுபத்திரண்டு பக்கம், அறுபத்திரண்டு வரி. மற்ற பக்கங்களில் வாக்கியம் அந்தரத்தில் தொங்கியது. நீங்கள் ஆளுக்கொன்று இட்டு நிரப்பிக்கொண்டீர்கள். பதினான்காம் பக்கத்தில் மட்டும் வாக்கியம் அழகாக முற்றுப்புள்ளியோடு முடிந்துவிட்டது. வெட்டுப்பட்ட வரியை வாசிக்கிறேன், கேளுங்கள்: இவ்வழக்கம் தவறு, ஆழத்தில் இருப்பது கடல்நீர், ஆழம் குறைந்த கிணறுகளைப் பல இடங்களில் தோண்டுக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் அந்தப் பக்கத்தைப் படித்தவன்தான்; நான் மலைப்பக்கத்தான், மணல் கிணற்றைக் கண்டதில்லை, விழுங்கிவிட்டேன். என் கை வெட்டியது. என் கண் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். கற்காதவன் செய்த தவற்றைக் கற்றவர் திருத்தியிருக்க வேண்டாமா? பதினெட்டு ஆண்டில் ஒருவராவது வரப்பில் கால் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? ஒரே ஒரு வாளித் தண்ணீரை இறைத்து நாக்கில் வைத்திருக்க வேண்டாமா?

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை நடத்தி விடைத்தாள் திருத்தும் டாக்டர் செனாயாவின் அறைக்குப் போனேன். வேலை இருக்கிறது, பிறகு வாருங்கள் என்றார். நான்கு நாள் கழித்துப் போனேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பழைய குறிப்பில் ஏதோ அச்சுப்பிழை இருக்கும் என்றார். மூன்றாம் முறை போய்க் கதவுக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டேன். காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்தார்.

"எஃபோ டோட்சே, மண்ணைப் பத்தி எனக்கே பாடம் எடுக்க வந்திருக்கீங்களா?"

"மண்ணைப் பத்தி இல்லீங்க. தாளைப் பத்தி. அது எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டார். மறுமதிப்பீடு கேட்க விதி தரும் அவகாசம் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் எங்கே போயின என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெஞ்சியில் போயின.

ஆனால் நான் ஒருதலையாகப் பேசமாட்டேன். மனிதர் உறங்கவில்லை போலிருக்கிறது. அந்த வாரமே சனிக்கிழமை காலையில் தன் வண்டியை என் கடை முன் நிறுத்தி, ஏறுங்கள் என்றார். அவ்வளவுதான். அன்லோகா போகும்வரை நான் மட்டும் பேசிக்கொண்டே போனேன்.

செஃபாகோரின் அம்மா, ஊருக்கெல்லாம் அக்காவான டாவி அமி, பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. கிணறு பார்க்க வந்தவர் என்றேன். அவருடைய கிணறு நம் தோளுயரம்தான். வாளியை இறக்கினார், இவர் குடித்தார். நல்ல தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் காக்பேயின் நிலம். இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் அலுவலர் வந்து, நம்மிடம் படித்த பிள்ளைதான், காக்பேயின் கிணற்றை மூன்று மடங்கு ஆழமாக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அங்கே பாத்தி இருக்கிறது, வெங்காயம் இல்லை. மணல்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரையும் டாக்டர் குடித்தார். துப்பவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

டாவி அமி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"மேல மழைத்தண்ணி நிக்குது, கீழ கடல் கிடக்குது. அது பாட்டுக்குக் கிடக்கிறதை ஏன் போய்த் தட்டி எழுப்பணும்? இதைச் சொன்னதுக்கு எம் பொண்ணை ஃபெயில் ஆக்கிட்டாராம் ஒரு வாத்தியார். அவரு எந்தக் கிணத்துல தண்ணி குடிச்சு வளந்தாரோ."

டாக்டர் மணலைப் பார்த்தபடியே சொன்னார்: 

"அந்த வாத்தியார் நான்தான், டாவி. நானும் ஆழப்படுத்தணும்னு எழுதித்தான் முழு மார்க் வாங்கினேன்."

டாவி அமி திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு கூடை வெங்காயத்தை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, மார்க்கைத் திருத்திட்டு வந்து நன்றி சொல்லுங்க, இப்ப வேண்டாம் என்றார்.

சபையோரே! பாடக்குறிப்பு என்பது என்ன? வெறும் தாளா? தைத்த கட்டா? தேர்வு முடிந்ததும் வேர்க்கடலை மடிக்கும் காகிதமா? பதினான்காம் பக்கம் வகுப்பறையைத் தாண்டியது, வளாகத்தைத் தாண்டியது, வண்டியேறிக் கடற்கரைக்குப் போனது, காக்பேயின் கிணற்றில் இறங்கியது. அவர் பாத்தியை உப்பாக்கியது. இந்தப் பதினெட்டு ஆண்டில் செஃபாகோரைப்போலச் சரியாக எழுதிவிட்டுச் சுழியம் வாங்கியவர் எத்தனை பேர்? தவறு தம்முடையது என்று நம்பித் தலைகுனிந்து போனவர் எத்தனை பேர்? அவர்கள் யாரும் என் கடைக்கு வந்து என்னை முறைக்கவில்லை. இவள் முறைத்தாள். அதனால் தெரிந்தது.

தோக்பே சியாமியின் காதில் ஏதோ சொல்கிறார். பொறுங்கள். ஆம், கேட்டது. அந்தப் பெண் இங்கே இருக்கிறாளா என்று தோக்பே கேட்கிறார். இல்லை, தோக்பே. தேறாதவர்களுக்கு அழைப்பிதழ் போகவில்லை. இந்நேரம் தன் தாயோடு பாத்தியில் நிற்பாள்.

இன்னும் ஒன்றும் கேளுங்கள். அன்லோகாப் பக்கத்து வேளாண் அலுவலர் பணிக்கு அவள் பெயர் முதலில் இருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் பட்டமளிப்பு. பட்டம் இல்லையென்றால் அந்தப் பணி பட்டியலில் இரண்டாம் பெயருக்குப் போகும். இரண்டாம் பெயர்க்காரர் எட்டாம் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லது.

டாக்டர் மதிப்பெண்ணை மாற்றத் தயார். நல்ல மனிதர், நாலு பேர் முன்னால் சொல்கிறேன். பதிவாளர் அலுவலகம் மறுக்கிறது. பதினான்கு நாள் கடந்துவிட்டதாம். அம்மையாரே, அந்த விதிப்புத்தகத்துக்கும் நான்தான் நகல் எடுத்தேன், அதையும் படித்தேன். முப்பத்தோராம் பக்கம்: பதினான்கு நாள் என்பது மாணவர் கேட்பதற்கு. துறை தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ள நாள் குறிப்பு இல்லை. அந்தப் பக்கத்தின் அடிவரி வெட்டுப்படவில்லை, சரிபார்த்துவிட்டேன்.

ஆகவே ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

டாக்டர் செனாயா நாளைக் காலையில் செஃபாகோரின் விடைத்தாளை எடுத்து, எட்டாம் கேள்விக்கு நேரே தம் கையால் மதிப்பெண் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோகோட்டோ அம்மையார் திங்கட்கிழமை தேர்வுக் குழுவைக் கூட்ட வேண்டும். இது மாணவி கேட்ட சலுகை அன்று, துறை திருத்திக்கொண்ட பிழை என்று எழுத வேண்டும்.

பதிவாளர், பட்டமளிப்புப் பட்டியல் அச்சுக்குப் போகும் வெள்ளிக்கிழமைக்கு முன் அவள் பெயரைச் சேர்க்க வேண்டும்.

பதினெட்டு ஆண்டின் விடைத்தாள்களில் பெட்டியில் எஞ்சியவற்றைத் துறையின் இளைய ஆசிரியர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாக எழுதியவர் யாரென்று கண்டுபிடித்து அவர்களுக்குக் கடிதம் போட வேண்டும். மதிப்பெண் மாறாவிட்டாலும் போட வேண்டும்.

இங்கே படித்து ஊர் ஊராக அலுவலராய் இருப்பவர்கள், ஆழமாக்கச் சொன்ன ஒவ்வொரு கிணற்றுக்கும் திரும்பிப் போய், தவறாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். காக்பேயின் கிணற்றை மணல் போட்டு மேடாக்க மண்வெட்டியோடு போக வேண்டும்.

மாணவச் செல்வங்கள் தங்களிடம் உள்ள வெட்டுப்பட்ட குறிப்பை என் கடைக்குக் கொண்டுவர வேண்டும். எதிர்க்கடை நண்பர்கள் அதை இனி நகலெடுக்கக் கூடாது.

அறுபத்திரண்டு அடிவரிகளையும் மூலத்திலிருந்து எடுத்து, முழுக் குறிப்பாகத் தைத்து, வருகிறவர் கையில் இலவசமாகக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுப்பேன்.

என்னைப் பேசவிட்ட தலைமைக்கும், பொறுமையாகக் கேட்ட தோக்பேக்கும், குழம்பு ஆறிப்போனாலும் கோபப்படாத தாய்மார்களுக்கும் நன்றி. திங்கட்கிழமைக் குழு எத்தனை மணிக்குக் கூடும் என்று அம்மையார் இப்போது எழுந்து சொல்ல வேண்டும். சொன்னதும் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.